இடையில் ஒரு ஹைலம் துண்டு

அம்பாசிடர் காலத்து ஆட்களுக்கு இதை நான் விளக்கத் தேவையில்லை. கத்திரி வெயிலில் வெளியூர் கிளம்பினால் வண்டியில் மூன்று விதத் தண்ணீர் ஏறும். ரேடியேட்டருக்கு ஒரு கேன். நாம் குடிக்க ஒரு கூஜா. பெட்ரோல் பம்பின் மேல் ஊற்ற ஒரு பிளாஸ்டிக் குடம். குடத்தோடு ஒரு பழைய துண்டும் போகும். வழியில் வண்டி நின்றால் பானட்டைத் தூக்கி, துண்டை நனைத்துப் பம்பின் மேல் சுற்றிவிட்டு, புளியமர நிழலில் கால் மணி நேரம் உட்காருவோம். பிறகு சாவியைத் திருப்பினால் வண்டி ஒன்றும் நடக்காதது போலக் கிளம்பும். "ஏர் லாக்" என்று அதற்குப் பெயர். கோடை என்றால் ஏர் லாக், மழை என்றால் வைப்பர் வேலை செய்யாது என்று இரண்டையும் தலையெழுத்தாக ஏற்றுக்கொண்டு ஓட்டிக்கொண்டிருந்தோம்.

எங்கள் வீட்டு வண்டியில் அந்த ஏர் லாக்கை ஒழித்தது கட்டைவிரல் அகலம்கூடத் தடிமன் இல்லாத ஒரு ஹைலம் துண்டு. அதைப் பற்றி எழுத வேண்டும் என்று பல நாளாக நினைப்பு. பழைய வண்டியை இன்னும் வீட்டில் வைத்துத் துடைத்துக்கொண்டிருக்கும் நண்பர்கள் சிலருக்காவது இது உதவும்.

அப்பாவுக்குத் திருவண்ணாமலையில் மணிலா மண்டி. வெளியூர்க்காரர்கள் வேர்க்கடலை என்று படித்துக்கொள்ளவும். 1986-ல் மண்டிக்கு நல்ல வருடம். அந்த வருடம்தான் நான்கு வயதான ஒரு மார்க் 4 அம்பாசிடரை வாங்கினார். க்ரீம் கலர். அதை ஓட்ட அவர் கடைசிவரை கற்றுக்கொள்ளவில்லை. பின்சீட்டில் இடது பக்கம் உட்கார்ந்து, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, ஓட்டுகிறவனுக்கு வழி சொல்வதுதான் அவருக்குப் பிடித்த வேலை. நான் மின்வாரியத்தில், துணை மின்நிலையத்தில் ஷிப்டு வேலை பார்த்தேன். பகலில் ஓய்வு கிடைக்கும் என்பதால் ஓட்டுகிறவன் பெரும்பாலும் நான்தான்.

1993 ஜனவரியில் அப்பாவுக்கு இரண்டு சிறுநீரகமும் வேலை செய்யவில்லை என்று சொல்லிவிட்டார்கள். பல வருடத்துச் சர்க்கரை. வாரத்துக்கு இரண்டு நாள், செவ்வாயும் வெள்ளியும், வேலூருக்குப் போய் ரத்தம் சுத்தம் செய்துகொள்ள வேண்டும். ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம் மெஷினோடு படுத்திருக்க வேண்டும். எங்களுக்குக் கிடைத்தது மதியம் இரண்டு மணி முறை. எங்கள் வீட்டிலிருந்து வேலூருக்கு எண்பது கிலோமீட்டர். போளூர், கண்ணமங்கலம் வழியாக நல்ல வெயில் நேரத்தில் போக வேண்டும்.

டயாலிசிஸ் பார்த்த குடும்பங்களுக்குத் தெரியும், அதில் பெரிய கொடுமை ஊசி அல்ல, தாகம். சிறுநீர் வெளியேறாத உடம்பில் குடிக்கிற தண்ணீர் எல்லாம் தங்கிவிடும். காலில் வீங்கும், பிறகு நெஞ்சில் ஏறும், மூச்சு வாங்கும். அப்பாவுக்கு ஒரு நாளைக்கு முக்கால் லிட்டர் என்று அளவு சொல்லியிருந்தார்கள். காபி, ரசம், மாத்திரைக்குக் குடிக்கிற தண்ணீர், எல்லாம் சேர்த்து. அம்மா காலையிலேயே ஒரு பாட்டிலில் அளந்து வைத்துவிடுவார். வேலூர் வெயிலில், ஜன்னல் வழியாக அனல் அடிக்கிற வண்டியில், அந்த மனிதர் ஒரு மூடி தண்ணீரை வாயில் வைத்து அப்படியே அடக்கிக்கொண்டு வருவார்.

அந்த வருடம் சித்திரை பிறந்ததும் வண்டி நிற்க ஆரம்பித்தது. முந்தைய கோடைகளில் எப்போதாவது ஒரு முறை நிற்கும். இப்போது ஒவ்வொரு பயணத்திலும். அதுவும் ஓடிக்கொண்டிருக்கும்போது நிற்காது. போளூர் ரயில்வே கேட்டில்தான் வினை. கேட் மூடியிருந்தால் இன்ஜினை அணைத்துவிட்டுக் காத்திருப்போம். பத்து நிமிடமோ பதினைந்து நிமிடமோ கழித்து ரயில் போய், கேட் திறக்கும். பின்னால் இருக்கிற லாரி ஹாரன் அடிக்கும். எங்கள் வண்டி ஸ்டார்ட் ஆகாது. ஆனாலும் ஒரு பர்லாங் போய்த் திணறி நின்றுவிடும்.

நாலைந்து பேர் தள்ளி ஓரம் கட்டுவார்கள். நான் குடத்தை எடுத்துக்கொண்டு போய்ப் பம்பின் மேல் ஊற்றுவேன். ஒரு வெள்ளிக்கிழமை அப்படி ஊற்றிக்கொண்டிருந்தபோது அப்பா ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, "எனக்கு மூடியில அளந்து குடுக்கிறீங்க. அதுக்குக் குடம் குடமா ஊத்துறியேடா" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். அம்மா சிரிக்கவில்லை. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வேறு பக்கம் பார்த்தார்.

மே மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை இரண்டு இடத்தில் நின்று, நாங்கள் போய்ச் சேர்ந்தபோது மணி நாலரை. எங்கள் முறையில் வேறொருவரைப் படுக்க வைத்துவிட்டார்கள். அவர்களையும் குறை சொல்ல முடியாது. மெஷின்கள் சிலதான், காத்திருப்பவர்கள் பலர். இரவு ஒன்பது மணிக்குத்தான் இடம் கிடைத்தது. அதுவரை அப்பா பெஞ்சில் சாய்ந்து படுக்க முடியாமல், நிமிர்ந்து உட்கார்ந்தபடியே மூச்சு இழுத்துக்கொண்டிருந்தார். அன்று இரவு வராந்தாவில் நின்றபோது எனக்கு ஒன்று தெளிவாகிவிட்டது. இனி இது வண்டி ரிப்பேர் விஷயம் இல்லை.

வாடகைக் காரில் போகலாமே என்று நீங்கள் கேட்கலாம். கேட்டுப் பார்த்தோம். வாரம் இரண்டு முறை, மாதம் எட்டு ஒன்பது முறை, நாள் முழுக்கக் காத்திருப்பதோடு கணக்குப் போட்டால் என் சம்பளம் போதாது. மருத்துவச் செலவுக்கே மண்டியின் கையிருப்பு கரைந்துகொண்டிருந்தது.

முதலில் வேலூரில் ஒரு பெரிய பட்டறையில் காட்டினோம். பெயர் வேண்டாம். காயில் மாற்றினார்கள், கண்டென்ஸர் மாற்றினார்கள், பிளக் நாலும் மாற்றினார்கள், புது பெட்ரோல் பம்ப் போட்டார்கள். ஆயிரத்து எண்ணூறு ரூபாய். அடுத்த வெள்ளிக்கிழமை போளூர் கேட்டில் வண்டி நின்றது. திரும்பக் கொண்டுபோய்க் காட்டினால், "இப்ப நல்லாத்தானே சார் ஸ்டார்ட் ஆவுது" என்றார்கள். காலையில் கொண்டுபோய் விட்ட வண்டி, நிழலில் நின்ற வண்டி, நன்றாகத்தான் ஸ்டார்ட் ஆகும்.

கடைசியில் எங்கள் ஊரில் சின்னக் கொட்டகை போட்டு வேலை பார்த்த பாயிடம் போனேன். ஊரே அவரை பாய் என்றுதான் கூப்பிடும். வயது அறுபதை ஒட்டி இருக்கும். லாரியும் டிராக்டரும்தான் அதிகம் பார்ப்பார். நான் கதையைச் சொல்லி முடிக்கும்வரை பீடியை அணைத்துக் கையில் வைத்துக்கொண்டு கேட்டார். பிறகு, "ஆறின வண்டியக் காட்டி என்ன தம்பி பிரயோஜனம்? ஜொரம் அடிக்கும்போதுதான் வைத்தியர்கிட்ட கூட்டிட்டுப் போவணும். நாளைக்கு ஒரு மணி வெயில்ல செங்கம் ரோட்டுல முப்பது கிலோமீட்டர் ஓட்டிட்டு நேரா இங்க வந்து நிறுத்து" என்றார்.

அப்படியே செய்தேன். கொட்டகைக்கு வெளியே, வெயிலிலேயே நிறுத்தச் சொன்னார். இன்ஜினை அணைத்துவிட்டுப் பத்து நிமிடம் ஒன்றும் செய்யாமல் உட்கார்ந்திருந்தார். பிறகு பானட்டைத் திறந்து ஏர் ஃபில்டரைக் கழற்றி, "காதை வச்சுக் கேளு" என்றார். கார்புரேட்டர் கிண்ணத்துக்குள் உலைத் தண்ணீர் போலச் சத்தம். "வாயில பாரு" என்றார். டார்ச் அடித்துப் பார்த்தால், இன்ஜின் நின்று பத்து நிமிடம் ஆன பிறகும் ஜெட் வழியாகப் பெட்ரோல் உள்ளே சொட்டிக்கொண்டிருந்தது. பெட்ரோல் வாடை மூக்கைத் துளைத்தது. கார்புரேட்டரின் அடிப்பாகத்தில் விரலை வைத்தேன். மூன்று எண்ணுவதற்குள் எடுத்துவிட்டேன்.

அன்று அவர் சொன்னதையும், பிறகு நான் படித்துத் தெரிந்துகொண்டதையும் சேர்த்துச் சொல்கிறேன்.

பெட்ரோல் தண்ணீரைப் போல ஒரே சூட்டில் கொதிக்கும் பொருள் அல்ல. அதில் பல சரக்கு கலந்திருக்கிறது. லேசான பகுதி 35, 40 டிகிரியிலேயே ஆவியாகத் தொடங்கும். கனமான பகுதி 200 டிகிரி வரை போகும். நாம் ஏர் லாக் என்று சொன்னதில் ஏர் கிடையாது, ஆவிதான். அதிலும் இரண்டு நோய் உண்டு. பம்பிலோ குழாயிலோ பெட்ரோல் ஆவியானால், ஆவியை இழுத்துத் தள்ளப் பம்புக்குத் திராணி இல்லாமல், கார்புரேட்டருக்குப் பெட்ரோல் வராது. அது பட்டினி. கார்புரேட்டர் கிண்ணத்திலேயே பெட்ரோல் கொதித்தால், பொங்கி வழிந்து மானிஃபோல்டுக்குள் இறங்கும். காற்றை விடப் பெட்ரோல் அதிகமாகி இன்ஜின் பற்றாது. அது அஜீரணம். பட்டினிக்கு ஈரத்துணி உதவும். அஜீரணத்துக்கு உதவாது. ஆக்ஸிலரேட்டரைத் திரும்பத் திரும்ப அடித்தால் இன்னும் மோசமாகும். அப்படி வாடை வந்தால் ஆக்ஸிலரேட்டரை முழுக்க மிதித்து, எடுக்காமல் பிடித்துக்கொண்டு செல்ஃப் அடிக்க வேண்டும். உள்ளே தேங்கியது காற்றோடு வெளியேறிப் பற்றிக்கொள்ளும். எங்கள் வண்டிக்கு இரண்டு நோயும் இருந்தது. ஸ்டார்ட் ஆகாததற்குக் காரணம் இரண்டாவது. ஒரு பர்லாங் போய் நின்றதற்குக் காரணம் முதலாவது.

ஓடும்போது வராத நோய் நிறுத்தியதும் ஏன் வந்தது? ஓடும்போது ஃபேன் காற்று வீசுகிறது, ரேடியேட்டர் தண்ணீர் சுற்றுகிறது, புதுப் பெட்ரோல் குளிர்ச்சியாக வந்துகொண்டே இருக்கிறது. அணைத்ததும் மூன்றும் நின்றுவிடும். ஆனால் பழுத்த இரும்பு பழுத்தபடியே இருக்கும். அந்தச் சூடு மேலே ஏறி, பத்து இருபது நிமிடத்தில் கார்புரேட்டரைப் போய்ச் சேரும். கேட் மூடியிருந்த நேரமும் அதுதான்.

அம்பாசிடரில் இது அதிகம் வரக் காரணம் அதன் பிறப்பு. வண்டி வங்காளத்தில் உத்தர்பாராவில் செய்ததுதான் என்றாலும் மூலம் இங்கிலாந்தின் மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு. அந்த 1489 சி.சி. இன்ஜினில் காற்றும் பெட்ரோலும் உள்ளே போகிற மானிஃபோல்டும், புகை வெளியேறுகிற மானிஃபோல்டும் ஒரே பக்கம். கீழே சைலன்சர் பக்கத்து இரும்பு, அதற்கு மேலே கார்புரேட்டர். அடுப்பின் மேல் பாத்திரம் வைத்தது போல. வேண்டுமென்றேதான் அப்படி வைத்தார்கள். அவர்கள் ஊர்ப் பனியில் பெட்ரோல் ஆவியாகாமல் துளித்துளியாக நிற்கும். கொஞ்சம் சூடு காட்டினால்தான் காலையில் வண்டி இழுக்கும். அந்த அடுப்பு வேலூர் மே மாதத்துக்கு வந்து சேர்ந்துவிட்டது.

இதெல்லாம் தெரிந்துதான் கம்பெனிக்காரர்களே கார்புரேட்டருக்கும் மானிஃபோல்டுக்கும் நடுவில் சூடு கடத்தாத ஒரு துண்டு கொடுத்திருந்தார்கள். பாய் கார்புரேட்டரைக் கழற்றப் போனபோது முதலில் நட்டைத்தான் பார்த்தார். ஒவ்வொரு ஸ்டட்டிலும் நட்டுக்கு அடியில் மூன்று வாஷர். "கம்பெனி இத்தனை வாஷர் போடாது தம்பி. இங்க இருந்த ஒரு சாமான் காணோம். அந்த உயரத்தை வாஷர் போட்டு ரொப்பியிருக்கான்" என்றார். கழற்றிப் பார்த்தால் இரும்புக்கும் கார்புரேட்டருக்கும் நடுவில் வெறும் காகிதப் பேக்கிங் மட்டும். முந்தைய தீபாவளி சமயத்தில் ஒரு கடையில் கார்புரேட்டர் சர்வீஸ் செய்திருந்தோம். பழைய துண்டு விரிசல் விட்டிருக்கும்; புதுசு கையில் இல்லை; இல்லாமலே மாட்டியிருக்கிறார்கள். அந்தத் துண்டுக்கு அசைவு இல்லை, சத்தம் இல்லை. இல்லாவிட்டால் வண்டி ஓடாது என்றும் இல்லை. குளிர்காலம் முழுக்க நன்றாகத்தான் ஓடியது. வேலை செய்வதாகத் தெரியாத சாமானைத் தூக்கிப்போட யாருக்கும் தயக்கம் வருவதில்லை.

"ஒங்க ஆபீஸ்ல பேனலுக்குப் பின்னாடி போடுவாங்களே, ஹைலம், அது வேணும்" என்றார் பாய். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தினம் பார்க்கிற பொருள். காகிதத்தையோ துணியையோ பேக்லைட் பிசினில் தோய்த்து, அடுக்கி, சூட்டில் அழுத்திச் செய்த பழுப்பு நிறப் பலகை. மின்சாரத்தைக் கடத்தாது என்பதற்காக நாங்கள் வைத்திருந்தோம். சூட்டையும் சுலபத்தில் கடத்தாது என்பதற்காக அவர் கேட்டார். அலுமினியத்தோடு ஒப்பிட்டால் பல நூறு மடங்கு குறைவாகத்தான் கடத்தும். எங்கள் ஸ்டோரில் வெட்டிய துண்டுகள் கிடந்தன. அதைத் தொட மனம் வரவில்லை. எலெக்ட்ரிகல் கடையில் நாற்பது ரூபாய்க்கு 10 மில்லிமீட்டர் தடிமனில் ஒரு துண்டு வாங்கி வந்தேன்.

கம்பெனித் துண்டு இதைவிட மெல்லிசாக இருக்கும் என்றார் பாய். தடித்தால் நல்லதுதானே, இருபத்தைந்தாகவே போட்டுவிடலாமே என்று நான் கேட்டேன். பதில் சொல்லாமல் உள்ளே போய்ச் சப்பாத்திக்குப் பிசைந்த மாவில் ஓர் உருண்டை கொண்டுவந்தார். ஏர் ஃபில்டரின் தலையில் அதை வைத்து, பானட்டை மெதுவாக மூடி, திறந்தார். மாவு தட்டையாகியிருந்தது. அளந்தால் பதினைந்து மில்லிமீட்டர். "இவ்ளோதான் எடம். பத்துக்கு மேல போனா பானட்டு இடிக்கும். ஆக்ஸிலரேட்டர் ராடும் கோணிக்கும்" என்றார். கார்புரேட்டர் உயர்ந்தால் அதோடு இணைந்த எல்லாம் உயர வேண்டும் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஸ்டட்டுக்கும் நீளம் பார்த்து வேறு போட்டார்.

வேலை இரண்டு மணி நேரம். மானிஃபோல்டின் வாயில் தடித்த காகிதத்தை வைத்து, சின்னச் சுத்தியலால் விளிம்பில் தட்டித் தட்டி அச்சு எடுத்தார். அச்சை ஹைலத்தின் மேல் வைத்து முள்ளால் கோடு. பின்னால் ஒரு மரக்கட்டை கொடுத்துத் துளை போட்டார். கட்டை இல்லாவிட்டால் துளை வெளிவருகிற பக்கம் ஹைலம் பிளந்துகொள்ளும். நடுத் துளைக்கு வட்டமாகச் சின்னச் சின்னத் துளைகள் போட்டு, நடுவைத் தட்டி எடுத்துவிட்டு, வட்ட அரத்தால் ராவினார். கார்புரேட்டர் வாயும் இந்தத் துளையும் மானிஃபோல்டு வாயும் ஒரே குழாய் போல விரலுக்கு வழுக்க வேண்டும். நடுவில் ஒரு விளிம்பு நீட்டிக்கொண்டிருந்தால் காற்று முட்டிக்கொண்டு திரும்பும், பெட்ரோல் அதில் தேங்கும். கடைசியாகக் கண்ணாடித் துண்டின் மேல் எமரி ஷீட்டை விரித்து, ஹைலத்தை எட்டு எட்டாகத் தேய்த்தார். இரண்டு முகமும் மட்டமாகும்வரை தேய்த்தார்.

அதோடு நிற்கவில்லை. "மொதலாளி மண்டியில எண்ணெ டின்னு இருக்குமே" என்றார். பதினைந்து கிலோ டின் ஒன்று கொண்டுபோய்க் கொடுத்தேன். அதை வெட்டி விரித்து, பளபளப்பான பக்கம் கீழே பார்க்கும்படி, கார்புரேட்டருக்கும் சைலன்சர் இரும்புக்கும் நடுவில் தட்டு போலக் கொடுத்தார். ஹைலம் இரும்பு வழியாக ஏறுகிற சூட்டைத் தடுக்கும். காற்று வழியாக அடிக்கிற அனலைத் தடுக்கத் தகடு வேண்டும். பெட்ரோல் குழாயையும் இரும்பிலிருந்து நாலு விரல் தள்ளி வளைத்துவிட்டு, அதன் மேல் ஆஸ்பெஸ்டாஸ் கயிறு சுற்றினார். அந்தக் காலத்து வழக்கம் அது. இன்று யாரும் அதைச் செய்ய வேண்டாம். அந்தத் தூசு நுரையீரலுக்கு எமன்.

மாட்டும்போது ஹைலத்துக்கு மேலே ஒரு பேக்கிங், கீழே ஒரு பேக்கிங். இரண்டு நட்டையும் மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக முடுக்கினார். ஒரு பக்கத்தை முதலில் இறுக்கினால் கார்புரேட்டரின் காது வளைந்துவிடும். பிறகு இன்ஜினை மெதுவாக ஓடவிட்டு, எண்ணெய்க் கேனால் இணைப்பைச் சுற்றிச் சொட்டுச் சொட்டாக இன்ஜின் ஆயில் விட்டார். இணைப்பில் சந்து இருந்தால் ஆயிலை உள்ளே இழுக்கும், இன்ஜின் சத்தம் மாறும். மாறவில்லை. சிலர் இதற்குப் பெட்ரோலையே ஊற்றிப் பார்ப்பார்கள். அது நெருப்போடு விளையாடுவது.

கூலி நூற்றைம்பது கேட்டார். இருநூறு கொடுத்தேன். ஐம்பதைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, "ஒரு தடவ வேலூர் போயிட்டு வந்து காட்டு. சூடு ஏறி எறங்கினா பேக்கிங் அமுங்கும். நட்டு ஒரு சுத்து கேக்கும். அப்புறம் பம்பு மேல தண்ணி ஊத்தாத. பழுத்த இரும்புல பட்டா வெடிச்சிடும்" என்றார்.

அடுத்த வெள்ளிக்கிழமை அக்னி நட்சத்திரம் முடியவில்லை. பழக்கதோஷத்தில் குடத்தையும் ஏற்றிக்கொண்டோம். போளூர் கேட் மூடியிருந்தது. இன்ஜினை அணைத்தேன். யாரும் பேசவில்லை. ரயில் போக வழக்கத்தைவிட நேரம் ஆனது போல இருந்தது. அம்மா ஏதோ முணுமுணுத்துக்கொண்டிருந்தார், அண்ணாமலையாரைத்தான் கூப்பிட்டிருப்பார். கேட் தூக்கினார்கள். சாவியைத் திருப்பினேன். அரைச் சுற்றில் பற்றிக்கொண்டது. ஒரு பர்லாங் தாண்டி, ஒரு மைல் தாண்டி, கண்ணமங்கலமும் தாண்டும்வரை மூன்று பேரும் வாயைத் திறக்கவில்லை.

பிறகு அப்பா மெதுவாக, "கொடத்துத் தண்ணி முழுசா மிச்சம்தானே?" என்றார்.

"ஆமாப்பா."

"அப்ப என் கணக்குல ஒரு மூடி கூடக் குடு" என்று அம்மாவிடம் கையை நீட்டினார். அம்மா என்னைப் பார்த்தார். நான் ரோட்டைப் பார்த்தேன். அம்மா ஒரு மூடி ஊற்றிக் கொடுத்தார். ஒன்றே முக்காலுக்கு ஆஸ்பத்திரி வாசலில் நின்றோம்.

அதன் பிறகு பதினேழு மாதம், வாரம் இரண்டு முறை அந்தச் சாலையில் போய் வந்தோம். டயர் பஞ்சராகி நின்றிருக்கிறோம், ஃபேன் பெல்ட் அறுந்து நின்றிருக்கிறோம். சூட்டால் நின்றதே இல்லை. 1994 ஐப்பசியில் அப்பா போய்ச் சேர்ந்தார். ஒரு ஹைலம் துண்டு அவர் ஆயுளை நீட்டியது என்று சொன்னால் அதிகம். ஆனால் அந்தப் பதினேழு மாதமும் அவர் தன் முறைக்கு நேரத்தோடு போய்ப் படுத்தார். ரோட்டோரத்தில் மூச்சு வாங்கிக்கொண்டு, யார் யாரோ தன்னைத் தள்ளுவதைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டிய நிலை அவருக்கு வரவில்லை. மண்டிக்கடை முதலாளியாகவே, பின்சீட்டில் இடது பக்கம் உட்கார்ந்து, வழி சொல்லிக்கொண்டே போனார்.

போன பொங்கலுக்கு வந்த என் தங்கை மகன், போனில் ஏதோ காட்டினான். மானிஃபோல்டு ஸ்பேசர் என்று இப்போது அழகழகாக விற்கிறார்கள். மாட்டினால் குதிரைசக்தி கூடுமாம். நான் அவனுக்குச் சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன். சூடு குறைந்தால் காற்று கொஞ்சம் அடர்த்தியாகும் என்பது உண்மை. இன்ஜினுக்குள் போகிற காற்று பத்து டிகிரி குளிர்ந்தால் ஏறத்தாழ மூன்று சதவீதம் அடர்த்தி கூடும். ஆனால் ஓடும் வண்டியில் காற்று அந்த இடத்தைக் கண் இமைக்கும் நேரத்தில் கடந்துவிடுகிறது. அதற்குள் அவ்வளவு வித்தியாசம் வருமா என்பது சந்தேகம்தான். அலுமினியத்தில் செய்த ஸ்பேசராக இருந்தால் சூட்டைத் தடுக்கிற பேச்சே இல்லை. மேலும் இன்றைய வண்டிகளில் பெட்ரோல் பம்ப் டேங்குக்குள்ளேயே மூழ்கியிருக்கிறது, அதிக அழுத்தத்தில் தள்ளுகிறது. பெரும்பாலான வண்டிகளில் மானிஃபோல்டே பிளாஸ்டிக். பாய் செய்த வேலையைக் கம்பெனியே செய்து கொடுத்துவிட்டது. அவன் காசு மிச்சம்.

பழைய கார்புரேட்டர் வண்டி வைத்திருப்பவர்களின் நிலைமை வேறு. இப்போது பங்க்கில் வருகிற பெட்ரோலில் எத்தனால் கலந்திருக்கிறது. கார்புரேட்டர் வண்டிகள் பிறந்தபோது இருந்த பெட்ரோல் இது அல்ல. ஆகையால் கோடைக்கு முன்னால் ஒரு முறை பானட்டைத் திறந்து, கார்புரேட்டருக்கு அடியில் பழுப்பாகவோ கறுப்பாகவோ ஒரு துண்டு இருக்கிறதா, அதில் விரிசல் இல்லையா என்று பாருங்கள். நட்டுக்கு அடியில் வாஷர்களை எண்ணுங்கள். ரப்பர் குழாய்களையும் தொட்டுப் பாருங்கள். வெறும் பேக்கிங் மட்டும் இருந்தால் நல்ல மேஸ்திரியாகப் பார்த்து, வண்டி சூடாக இருக்கும்போதே கொண்டுபோய்க் காட்டுங்கள்.

எங்கள் வண்டியை 1997-ல் விற்றேன். வாங்கியவர் ஆரணிக்காரர், பட்டு வியாபாரம். சாவி கொடுக்கும்போது ஸ்டெப்னி, ஜாக்கி, ஆர்.சி. புக் எல்லாம் காட்டிவிட்டு, பானட்டைத் திறந்து அந்த ஹைலம் துண்டையும் காட்டினேன். சர்வீஸ் விடும்போது யாராவது இதை எடுத்துப் போட்டுவிடுவார்கள், விடாதீர்கள் என்றேன். அவர் தலையாட்டினார். எனக்குத் திருப்தி வரவில்லை. ஒரு அட்டையில், "கார்புரேட்டருக்கு அடியில் உள்ள துண்டைக் கழற்றினால் திரும்ப மாட்டவும்" என்று பெயின்ட்டால் எழுதி, பானட்டின் உட்புறத்தில் கம்பியால் கட்டிக் கொடுத்தேன்.